விரதம் என்று சொன்ன பொய்

தளி,
18-2-1954

சரோஜாவின் அப்பாவுக்கு, ஜோதியம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. குழந்தை சுகம். நான் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ரூமில் கூட இருக்கிற ராமப்பனைப் படிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டியாவது நீங்களே தனியாகப் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அத்தை அம்மன் கோயிலில் பூ கேட்டுவிட்டார்கள். மருமகள் உடம்பு அம்மனுக்கு நேர்ந்த உடம்பாகிவிட்டது, மகனுக்கு வேறு பெண் கட்டலாமா என்று கேட்டார்களாம். வெள்ளைப் பூ வந்ததாம், அம்மன் சரி என்றுவிட்டாளாம். வருகிற புதன்கிழமை காவேரிப்பட்டினத்தில் உங்கள் மாமன் வீட்டில் தாம்பூலம் மாற்றப் போகிறார்கள். சட்டம் இதற்கு இடம் கொடுக்காது என்று பூக்கடை கௌஸ் மொய்தீன் பாய் சொல்கிறார். உங்கள் அம்மாவிடம் போய்ச் சட்டம் பேச யாரால் முடியும்?

அம்மன் என்னைக் கேட்கவே இல்லை. இரண்டு வருஷமாக நான் சொன்ன விரதம் சுத்தப் பொய்.

சரோஜா பிறந்தபோது கீழே கிழிந்துவிட்டது. மருத்துவச்சி நாராயணம்மா தானாக ஆறிவிடும் என்று சொல்லிவிட்டாள். நாலாம் மாதம் நீங்கள் பெங்களூரிலிருந்து வந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீங்கள் வரும் பஸ் சத்தம் கேட்டாலே உடம்பு இறுகிப்போகும். வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. விரதம் என்றேன். நீங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தள்ளிப் படுத்தீர்கள். ஏன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாய் வீட்டு சபீஹாவிடம்தான் முதலில் அழுதேன். அவள் திட்டிவிட்டு, குழந்தைக்குச் சளி என்று வீட்டில் சொல்லி, என்னை ஓசூருக்கு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். வலி வாசலிலேயா உள்ளேயா, ஒன்றுக்குப் போனால் எரிகிறதா, வெள்ளை படுகிறதா என்று அந்தம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சொல்லிவிட்டுத்தான் தொட்டார்கள். பஞ்சு பட்ட ஒரு இடத்தில் கத்திவிட்டேன். கிழிந்த இடம் கோணலாக ஆறித் தழும்பு கட்டியாகியிருக்கிறது, கூடவே புண்ணும் இருக்கிறது, பயத்தில் சதை தானாகவே இறுகுகிறது என்றார்கள். சாமி குற்றமுமில்லை, உன் குற்றமுமில்லை, இதோடு வருகிறவர்கள் நிறையப் பேர் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

புண்ணுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், எரிச்சல் குறைந்திருக்கிறது. அது ஆறினதும் தழும்பை வெட்டியெடுத்துத் திரும்பத் தையல் போட வேண்டுமாம். பத்து நாள் படுக்கை. இரண்டு மாதம் நாம் சேரக் கூடாது. அப்புறமும் அவசரம் கூடாது, இறுகின சதையைத் தளரவிடப் பழகவேண்டும், நான் போதும் என்றால் நீங்கள் நிறுத்தவேண்டும். இதை உங்களிடம் சொல்லச் சொல்லி அந்தம்மாவே சொன்னார்கள். நானாக எழுதியதாக நினைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து கேட்கிறார்கள். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பொய் விரதத்தை நான் அத்தையிடம் ஒப்புக்கொண்டால் அன்றைக்கே வீட்டை விட்டுத் துரத்துவார்கள், சரோஜாவைத் தரமாட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். புதன்கிழமைக்கு முன்னால் லீவு போட்டு வாருங்கள்.

அந்த மாமன் வீட்டுப் பெண்ணைக் கட்டத்தான் உங்களுக்கும் இஷ்டம் என்றால் வரவேண்டாம். கையெழுத்தை மட்டும் போட்டு, சபீஹா வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் இந்த உடம்போடு நான் இருந்தாக வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதுதான் ஆகிறது.

பொய் சொன்னதற்குக் கோபம் வரும். கடிதத்தில் திட்டாதீர்கள். நேரில் வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் ஜோதியம்மாள்