நீ வந்ததால் பிறந்த தொகுதி

பல்லடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாளெல்லாம் வாக்காளர்களின் விரலில் மை வைத்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து அந்த மருந்து நெடி போகவில்லை. திருப்பூர் என்ற பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி வந்து, அதற்கு இன்றுதான் முதல் தேர்தல். நீ பார்த்திருக்க வேண்டிய நாள். பின்கட்டில் உன் அறை பூட்டிக் கிடக்கிறது.

உன்னை முதலில் பார்த்ததும் அரசாங்க வேலையாகப் போன இடத்தில்தான். இரண்டாயிரத்து ஒன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நல்லூரில் எனக்கு ஒதுக்கிய தெருக்களில் நீயும் உன்னோடு வேலை பார்த்த பெண்களும் தங்கியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளும் அடக்கம். எந்தக் கதவைத் தட்டினாலும் "நாலு பேருங்க டீச்சர்" என்ற ஒரே பதில். உள்ளே சுவரோரம் அடுக்கியிருந்த பாய்களோ வேறு கதை சொல்லின. ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது வீட்டு ஓனர் போட்ட சட்டம். அவரும் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதான் பனியன் கம்பெனிக்குக் கிளம்பி, கையில் தூக்குவாளியோடு வெளியே வந்தாய். "எத்தன பேருன்னா கேக்கிய? ஒம்போது பேரு டீச்சர்" என்றாய். பிறகு உள்ளே திரும்பி ஒரு சத்தம்: "ஏட்டி, எல்லாரும் வெளிய வாங்கட்டி. உசுரோட இருக்கவள எதுக்கு இல்லன்னு சொல்லணும்?"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தென்மாவட்டத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பெயர் சொன்னார்கள். அந்த வாரமே வீட்டு ஓனர் உன்னைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெட்டியோடு நீ பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரர், "ஏனுங் கண்ணு, எங்க ஊட்டுப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது, வாங்க" என்று அழைத்து வந்தார்.

அப்படி வந்தவள் எங்களோடு ஏழெட்டு வருடம் இருந்தாய். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் நாளெல்லாம் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் சமையலறையில் என் பக்கத்தில் கால் நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவாய். சாத்தான்குளத்துப் பக்கத்துச் செம்மண், தண்ணீர் இல்லாத கிணறுகள், தனியாகப் பொங்கித் தின்னும் உன் அப்பா.

எந்தத் தேர்தல் வந்தாலும் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு ஓடிவிடுவாய். "பேர இங்க மாத்திக்கலாமல்ல, எதுக்கு இத்தன அலைச்சல்?" என்று கேட்டால், "அந்த ஒரு நாளாவது ஊருக்காரியா இருந்துட்டு வாரேன் டீச்சர்" என்பாய்.

பிறகு தொகுதிகளை மாற்றி வரைந்த விவரம் பேப்பரில் வந்தது. திருப்பூர் சட்டமன்றத் தொகுதி வடக்கு, தெற்கு என்று இரண்டாகிவிட்டது. உங்கள் சாத்தான்குளம் தொகுதியே இல்லை. நீ அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தாய்.

"எதுக்கு டீச்சர் எங்க தொகுதிய எடுத்துட்டாவ?"

மாநிலத்துக்கு மொத்தத் தொகுதிகள் இத்தனைதான். ஜனம் பெருகிய இடத்தில் ஒன்று கூடினால், குறைந்த இடத்தில் ஒன்று போகத்தான் வேண்டும். அன்று நாங்கள் வீடு வீடாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்ப நாங்க இங்க வந்து பேரு குடுத்ததுனாலயா?"

உன் ஒருத்தியால் இல்லை, பிழைப்புத் தேடி ஊரே கிளம்பினால் நீ என்ன செய்வாய் என்றேன். மறுநாள் காலையில் நீ என் முன்னால் வந்து நின்று, "இங்கதான எண்ணுனாவ. இங்கயே ஓட்டயும் மாத்திருங்க டீச்சர்" என்றாய்.

அதை நீ உன் அப்பாவிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சத்தம் எனக்கே கேட்டது. "சம்பாதிக்கத்தான போன? பேரயுமா தூக்கிட்டுப் போவ? இனி எனக்கு மவ இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்." நீ போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். அதன் பிறகு உன் போனை அவர் எடுக்கவே இல்லை.

எங்கள் நல்லூர் விலாசத்தில் உனக்கு வாக்காளர் அடையாள அட்டை வந்த மழைக்காலத்திலேயே மஞ்சள்காமாலையும் வந்தது. கண் மஞ்சளாகியும் "ஷிப்மென்ட் முடியட்டும் டீச்சர்" என்றாய். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அப்பா வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அழவும் இல்லை. "ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொல்லி, வேனில் உன் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உன்னை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட இந்த ஊரில் உனக்கென்று ஒரு குழி மண்கூட இல்லாமல் போயிற்று.

இன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர், நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னார்: "அந்தப் புள்ள பேரு லிஸ்ட்ல அப்படியே இருக்குதுங்க. போட்டோவோட."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போன் அடித்தது. உன் அப்பா. உன்னைக் கொண்டு போன பிறகு இன்றுதான் பேசுகிறார்.

"அங்க ஓட்டு முடிஞ்சிட்டா டீச்சர்? எம் மவ பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க ஐயா. எடுக்காம உட்டுட்டாங்க. எழுதிக் குடுத்தா எடுத்துருவாங்க."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"வேண்டாம். ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போவட்டும்."

அடுத்த முறை பட்டியலைத் திருத்தும்போது நம் தெருவுக்கு வருவது நானாகவே இருக்கலாம். இறந்தவர் பெயரை எடுத்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ பெயர்களை நானே அடித்திருக்கிறேன். அவரிடம் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லோடுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.