உன் கிளையில் என் இலை

இன்று காலை விவசாயக் கந்தோருக்கு வந்ததும் கைகளை மூன்று தரம் கழுவினேன். உருளைக்கிழங்கு இலையைக் கசக்கிய மணம் போகவில்லை. நீ இருந்த காலத்தில் உன் விரல்களில் எப்போதும் இருந்த கசப்பு மணம் அது. உன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டால் எனக்குப் பாதிப் பசி போய்விடும். இப்போது அது என் கையில். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

நீ போய்ப் பதினான்கு மாதம். உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லாமல் நேற்றிலிருந்து சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாரியில், உயிலங்குளத்தில் செல்வராசா அண்ணையின் மேட்டுக்காணியில், இலைகளின் அடிப்பக்க நரம்புகள் கறுத்த ஓர் உருளைக்கிழங்குச் செடியைக் கண்டேன். நானே கண்டேன், நீ இல்லாமல். இலையைப் பொதி செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். அங்குள்ள விரிவுரையாளர் அதிலிருந்த வைரசின் மரபணுவை வாசித்துவிட்டு, இந்த வகையை இதற்கு முன் தான் காணவில்லை என்றார். இனி மற்ற வைரசுகளோடு ஒப்பிட்டு உறவு மரம் வரைய வேண்டும். அங்கேதான் சிக்கல். "உங்கட சிநேகிதி முந்தி எடுத்த வைரசின்ர வாசிப்பு பாதிதான் கிடக்கு மிஸ்," என்றார் தொலைபேசியில். "சேர்க்கிறதோ விடுறதோ, நீங்களே சொல்லுங்கோ. விட்டாலும் ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்."

உன்னுடையதை விட்டால் என் இலை தனிக் கிளையாக நிற்கும், என் பெயரோடு. சேர்த்தால் என்ன வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உனக்கு முன்னால் நான் என்றைக்கு நின்றேன்? உயர்தர வகுப்பில் உயிரியலில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் நான். நீ புத்தளத்து அகதி முகாமிலிருந்து குடும்பத்தோடு எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்து வகுப்பில் சேர்ந்தாய். முதல் தவணையிலேயே நான் இரண்டாவது. அத்தனை கஷ்டத்தைக் கடந்து வந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று தெரிந்தும் பட்டேன். பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கு நீ வந்தால் பாரை மீனின் நடுத்துண்டை அம்மா உன் சோற்றுக் கோப்பையில்தான் வைப்பா. பெற்ற மகளுக்கு வால்துண்டு. அதையும் நான் மறக்கவில்லை.

நீ ஆராய்ச்சிக்குப் போனாய். நான் விவசாயப் போதனாசிரியராக மன்னாரிலேயே நின்றேன். மன்னாரில் உருளைக்கிழங்கா என்று ஊரே சிரிக்க, செல்வராசா அண்ணையைச் சம்மதிக்க வைத்து மார்கழிக் குளிருக்கு நட்டுக் காட்டியது நான். அந்தத் தோட்டத்தைப் பார்க்க நீ வந்த நாளில் எனக்குக் கால் தரையில் படவில்லை. நீயோ கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வரம்பில் நடந்தாய். மிஸ்ஸுக்கு வெயில் ஆகாது போல என்று வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். குடை உனக்கில்லை, இலைக்கு. வெயில் நேரே விழுந்தால் இலையில் உள்ள வெளிர்பச்சைத் திட்டுகள் கண்ணுக்குப் படாது. நிழல் பிடித்தால்தான் தெரியும்.

மேற்கு ஓரத்தில் நாலைந்து செடிகள் கருகி நின்றன. நான் அவற்றை ஒரு கிழமைக்கு முன்பே பார்த்து, கொப்பியில் உப்புக்காற்று என்று எழுதி முடித்திருந்தேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு முருங்கை வாடினாலும் உப்புக்காற்று, கதவுப் பிணைச்சல் துருப்பிடித்தாலும் உப்புக்காற்று. உன்னிடமும் அதையே சொன்னேன். செல்வராசா அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "தங்கச்சி, கடல் இங்கயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். குடையைச் சரித்துக் குனிந்து, ஓர் இலையைக் கிள்ளிப் பொதிக்குள் வைத்தாய்.

அந்த இலைதான் உன்னைப் பெரிய ஆளாக்கியது. விதைக்கிழங்கோடு வந்த ஒரு வைரசு வகையும் பக்கத்து மிளகாய்ப் பாத்தியில் ஏற்கனவே இருந்த இன்னொரு வகையும் அதே செடிக்குள் ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. "வைரசு தன்னைத்தானே படி எடுக்கேக்க இதில பாதி, அதில பாதி ஒட்டுப்பட்டுப் போகுது. பிறகு அது ரெண்டுமில்லை, மூண்டாவது," என்று அண்ணைக்கு விளங்கப்படுத்தினாய். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு அதைக் காவிக்கொண்டு போக அசுவினிப் பூச்சிக்கு ஒரு நிமிடம் போதும் என்றாய். அவரும் நோய்ச் செடிகளைப் பிடுங்கி எரித்து, அந்தக் கிழங்கில் ஒன்றையும் விதைக்கு வைக்காமல், மிளகாயைத் தள்ளி நட்டார். தோட்டம் தப்பியது. வைரசு மட்டும் ஓரத்துக் களைகளில் ஒளிந்திருக்கும் என்றாய். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, குடை மிஸ் வரவில்லையா என்பதுதான். கிழமைக்கு இரண்டு தரம் அந்தச் சேற்றில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவள் நான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் அந்தக் கோபம் என்னோடுதான் வந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்களெல்லாம் நீ படிப்பித்தவர்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். சாகக் கிடக்கிறவளைப் பார்த்து எண்ணுகிற எண்ணமா அது? அவர்களை வெளியே அனுப்பிவிட்டு நீ என் கையைப் பிடித்தாய். "எனக்கு உன்னில எரிச்சல், தெரியுமோ? நான் வருசத்தில ரெண்டு நாள் வாறன். நீ ஒவ்வொரு கிழமையும் அந்த வரம்பில நிக்கிறாய். அந்த வைரசு அடுத்ததா என்னவா மாறும் எண்டு நீதான் பாக்கப் போறாய்." என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் என்றுதான் நினைத்தேன். படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரி கூட என்னிடம் பெருந்தன்மை காட்டுகிறாளே என்று அதற்கும் எரிந்தது.

விரிவுரையாளர் கேட்ட பிறகு மூன்று நாள் நீ சொன்ன அந்த வார்த்தையைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். உன்னை விட்டுவிட்டு மரம் வரைந்தால், அந்த வைரசு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நீ பார்க்க ஆசைப்பட்டதை நானே மறைத்ததாகிவிடும். நாலாம் நாள் அழைத்து, சேர்க்கச் சொன்னேன்.

நேற்று மரம் வந்தது. நினைத்தபடியே. உன் வாசிப்பு இருக்கும் பாதி வரைக்கும் என்னுடையதும் உன்னுடையதும் ஒன்று. இத்தனை வருடத்தில் படி எடுத்து எடுத்துச் சேர்ந்த சின்னச் சின்னப் பிழைகள் மட்டும் கூடுதல். மற்றப் பாதி தெரிந்த எந்த வைரசோடும் பொருந்தவில்லை, எங்கிருந்தோ புதிதாக ஒட்டியிருக்க வேண்டும். நான் கண்டது உன்னுடையதன் பிள்ளை. உன் கிளையின் நுனியில் என் இலை நிற்கிறது.

வயிறு எரிந்தது. முன்பென்றால் உனக்குப் போன் எடுத்து ஏதாவது குத்தலாகச் சொல்லி ஆற்றிக்கொள்வேன். பழக்கத்தில் கை உன் இலக்கத்தை அழுத்திவிட்டது. உன் மகள் எடுத்தாள். போன் இப்போது அவளிடம். வைத்துவிடவும் முடியவில்லை. "உன்ர உம்மா இன்னொருக்கா என்னை வெண்டிட்டா, மகள்," என்றேன்.

"எதில, அன்ரி?"

"எல்லாத்திலயும்."

இருபது வருடம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை உன் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். பொறாமை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். நாளைக்கு விடிய என்னை எழுப்பி உயிலங்குளத்துக்குத் துரத்த வேறு யார் இருக்கிறார்கள்?