ஒன்பதாம் பக்கத்தில் ஓர் 'இல்லை'

மார்ச் 4, புதன்

சமையலறைத் தண்ணீர் போய் விழும் குழியை இன்று பிளம்பர் திறந்தார். வருடத்துக்கு ஒருமுறை தெரு முழுக்க அவர்தான் திறக்கிறார். மூடியைத் தூக்கியவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எல்லார் வீட்டுக் குழியிலயும் எண்ணெய் ஏடு கட்டி நிக்குதுக்கா. உங்களுதுல மட்டும் போன வருஷமும் இல்ல, இந்த வருஷமும் இல்ல. உள்ள ஏதோ இருந்து தின்னுது."

நான் சுத்தமாக வைத்திருக்கிறேன், அதனால்தான் என்றேன்.

"கழுவி வர்ற சுத்தம் இல்லக்கா இது" என்று சிரிக்கிறார். வந்த வேலையை விட்டுவிட்டு என் துப்புரவை அளக்கிறார்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வாரம் ரெண்டு நாள் விரதம். உன் பங்கையும் சேத்துக் குழி சாப்பிடுது." இவரைத் திருத்த ஆண்டவனால்தான் முடியும். அவனும் இருபத்திரண்டு வருடமாக என் விண்ணப்பத்தைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 7, சனி

நாத்தனார் சாப்பிட வந்தாள். நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வேலை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணாடிக் குழாயில் உறைய வைத்து, எண் போட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டால் கொடுப்பார்கள். அவள் அண்ணன் அதைக் கிருமி லாட்ஜ் என்பார். பேச்சுவாக்கில், "எங்க குழியில எண்ணெய் ஏடே கட்டாது, தெரியுமா?" என்று பெருமையடித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பாட்டிலோடு குழிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து சோப்பு போட்டாளா? நான் பார்த்தவரை இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாத்தனார் போன். "அண்ணி, உங்க குழியில ஒரு பாக்டீரியா கெடச்சிருக்கு. கொழுப்பைக் கரைச்சுத் தள்ளுது! எண் கூடப் போட்டாச்சு."

கிடைத்த இடம் 'சமையலறைக் கழிவுநீர்க் குழி' என்று உலகமே பார்க்கும் பட்டியலில் வருமாம். தோட்டம் என்று போடக் கூடாதா என்றேன்.

"அந்தப் பொய்க்குச் சாமிகிட்ட நீங்க பதில் சொல்லிக்குவீங்களா?"

குழி என்றே போடச் சொல்லிவிட்டேன்.

மே 9, சனி

வெளிநாட்டு சோப்புக் கம்பெனி ஒன்று அந்தப் பாக்டீரியாவைக் கேட்கிறது. சும்மா எடுத்துப் போக முடியாதாம். எடுத்த இடத்துக்காரர் சம்மதிக்க வேண்டும், வரும் பலனில் பங்கும் தர வேண்டும் என்று சட்டம். பதினொரு பக்கப் படிவம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது உண்மைதான். அதற்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை நான்.

ஒன்பதாம் பக்கம்: 'இதன் குணத்தை முன்பே அறிந்து சொன்னவர் எவரேனும் உண்டா?' நாத்தனார் டைப் அடித்திருக்கிறாள்: இல்லை.

மே 10, ஞாயிறு

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. அவளைச் சொல்லி என்ன? பிளம்பர் சொன்னார் என்று நான் எங்கே சொன்னேன் — எங்க குழி, எங்க குழின்னு பீத்திக்கிட்டதுதானே...

மே 12, செவ்வாய்

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மறுபடி அனுமதிக்கு அனுப்பணும் அண்ணி. கம்பெனிக்காரன் மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பான். நான் உருப்படியாக் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்."

"அடுத்தவர் சொன்னதைத் திருடி வச்சுக்கிட்டு சாமி முன்னாடி எப்படி நிப்பேன்?"

"சரி, அவர்தான் சொன்னார்னு ஆதாரம் வேணுமே?"

இந்த நோட்டை நீட்டினேன். மார்ச் 4-ஐப் படித்தவள் நிறுத்தாமல் மார்ச் 7-க்கும் போனாள். "நான் சோப்பு போட்டேன்! இந்தப் பக்கத்தையும் இணைக்கணுமா?" அழப் போகிறவள் மாதிரி இருந்தவள் சிரித்துவிட்டாள்.

'கழுவி வர்ற சுத்தம் இல்ல' என்ற வரி இனி அரசாங்கக் கோப்பில் இருக்கும்.

மே 14, வியாழன்

இனி பிளம்பர் கையெழுத்தும் வேண்டுமாம். அவர் படிவத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். "கையெழுத்து வாங்கி என் பைக்கை எழுதிக்க மாட்டீங்களே?"

வரி வரியாக வாசித்துக் காட்டினேன். காதைக் குடைந்துகொண்டே கேட்டவர் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். "கம்பெனிக்காரன் கைக்குப் போனப்புறம், நம்ம தெருக் குழியில நான் அதை விட்டா என்மேல கேஸ் போடுவானா?"

போனில் நாத்தனாரைக் கேட்டேன். "இதை நாங்க யாருமே யோசிக்கல அண்ணி."

நிபந்தனை சேர்த்தாள். சேமிப்பகத்தில் கேட்பவர் எவருக்கும் அது கிடைக்க வேண்டும். பிளம்பர் தன் வேலைக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 2, செவ்வாய்

எல்லாருக்கும் கிடைக்கிறது தனக்கு வேண்டாம் என்று கம்பெனி விலகிக்கொண்டது. நாத்தனார் என் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு முடியாதுக்கா, சேமிப்பகத்துல கூட்டம். ரெண்டு நகராட்சி அதைக் கேட்டிருக்காம். குழியில எப்படி விடணும்னு நான்தான் சொல்லித் தரணுமாம். நோட்டீஸ்ல உங்க நாத்தனார் பேருக்குப் பக்கத்துலயே என் பேரு. கார் அனுப்புறாங்க."

பின்னால் அவர் மனைவி, நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று கத்துவது கேட்டது.

"அடுத்த வாரம் பாக்கலாமாக்கா?"

வெள்ளை என்று சொன்னேன். குழாய்க்கு அடியில் வாளி வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவையாக நிறைந்துவிட்டது.