ஜெபத்தில் சொன்ன பெயர்

தீவிலிருந்து,
1821 மார்ச் 4

கர்த்தருக்குள் அன்பான கெசியா அத்தைக்கு,

நீங்கள் பார்த்திராத உங்கள் தம்பி மகள் தபிதா எழுதுவது. அப்பா உயிரோடிருக்கிறார். தங்கள் தலைவனைப் படகில் இறக்கிவிட்டு, வேலை பார்த்த போர்க்கப்பலையே பிடித்துக்கொண்ட கூட்டத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். வேதாகமத்தைப் பார்த்து நானே எழுதப் பழகினேன், பிழை பொறுக்கவும். இந்த வருஷம் வள்ளிக்கிழங்கு மழைக்காலம்வரை தாங்கும்.

கடலில் கப்பல் பாய் தெரிந்தால், புகை காட்டிக்கொடுக்காதபடி அடுப்பை அணைத்துவிடுவோம். வருகிறவர்களுக்கு அப்பா பெயர் தாமஸ் ஹெய்ல். சாப்பாட்டு ஜெபத்தில் மட்டும், இறந்த கூட்டாளிகளின் பெயர்களுக்குப் பிறகு, ஜோசையா ட்ரெமெய்ன் என்று சொந்தப் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். “தேவன்கிட்டயும் பொய்ப் பேரா சொல்றது, புள்ள?” என்பார்.

திமிங்கில வேட்டைக்காரர்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள்
தபிதா

ஃபால்மவுத்,
1822 நவம்பர் 19

என் கண்ணே தபிதா,

செத்துப்போனான் என்று நினைத்திருந்த தம்பி இருக்கிறான் என்று வாசித்து, மாவுக் கையோடு உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் எனக்கு ஒரு வரி எழுதினானா அவன்?

ஆனால் துறைமுகத்தில் பேச்சு நன்றாக இல்லை. உங்கள் தீவைத் தேடிப் போர்க்கப்பல் புறப்படுகிறதாம். அவன் கூட்டத்தில் முன்பு பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். அவனிடம் சொல்: “அடே பிடிவாதக்காரா, அந்தப் பேரை மனசுக்குள்ள சொல்லுடா. தேவனுக்குக் காது கேக்கும்.”

உன் அத்தை
கெசியா

தீவிலிருந்து,
1824 ஜூலை 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். அடுத்த மாதமே போர்க்கப்பல் வந்துவிட்டது.

அதிகாரி எங்கள் பந்தியில் உட்கார்ந்தார். பின்னால் துப்பாக்கிகளோடு சிப்பாய்கள். நான் பன்றிக்கறி பரிமாறும்போது குழம்பு சிந்திவிட்டது.

“என்னம்மா, சிந்திட்டியே?”

“சட்டி சுடுதுங்கய்யா.”

அம்மா அப்பாவின் காதருகே, “இன்னிக்கு ஜெபத்தை நான் சொல்றேன்” என்றாள்.

“நீ சும்மா இருடி” என்று எழுந்து நின்றார். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, “ஜோசையா ட்ரெமெய்ன்” என்றார்.

அதிகாரி கண் திறந்து அவரையே பார்த்தார். “இந்தப் பேரெல்லாம் செத்துப்போனவங்கதானே, பெரியவரே?”

அப்பா வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். “செத்துட்டாங்கய்யா. அத்தனை பேரையும் நான்தான் புதைச்சேன்.”

“அப்படியே எழுதிக்கிறேன்” என்றவர், ஆமென் சொல்லிவிட்டுக் கறியை எடுத்தார்.

கப்பல் போய்விட்டது. ஜெப வேளையில் பொய் சொன்னாள் என்று அப்பா இன்னும் அம்மாவிடம் பேசவில்லை.

அத்தை, ஜோசையா இறந்தான் என்று உங்களுக்குத் தகவல் வரும். கறுப்பு உடுத்துங்கள். பக்கத்து வீட்டார் பார்க்க அழுங்கள். இறந்தவன் உயிரோடிருப்பதைச் சொல்லும் கடிதத்தை யாராவது பிரித்தால் அப்பாவின் கழுத்துக்குக் கயிறுதான். ஆகையால் இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். பதில் எழுதாதீர்கள்.

இப்போதுதான் அப்பா உள்ளே வந்து, “அக்காவுக்கா எழுதுற? பதில் எப்ப வரும்?” என்றார்.

“கப்பல் வரணுமேப்பா” என்றேன்.

இனி உங்களுக்கு எழுதாத,
தபிதா