சின்னப்பையன் கேட்ட தண்ணீர்

லண்டன்
4 பிப்ரவரி 1951

அருமை வரதா,

குளிரில் விரல் மரத்துப்போய் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். நீயும் நைனாவும் சௌக்கியம்தானே? வண்ணாரப்பேட்டையில் எங்கள் அம்மாவை அடிக்கடி எட்டிப் பார்க்கிறாயாம், தங்கை அஜீசா எழுதியிருந்தாள். நன்றி சொன்னால் உதைப்பாய், அதனால் சொல்லவில்லை.

நாவல் அச்சாகி வந்துவிட்டது! உனக்கு ஒரு பிரதி கப்பலில் வருகிறது. ஹார்பரில் கரி சுமக்கும் உன் நைனாதான் கதாநாயகன். சின்னப்பையன் என்று அவர் பெயரையே வைத்துவிட்டேன். தண்ணீர்ப் பானைக்காக அன்று நடந்ததை நீ சொன்னாயே, அதுதான் கதைக்கு உயிர். இங்கே பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகின்றன. ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீதான் அந்த ஆங்கில வாரப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறாயே, இதற்கும் எழுது. வியாசர்பாடிக்காரன் ஒருவன் ‘சரி’ என்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் தோஸ்து,
அத்தாவுல்லா


வியாசர்பாடி
18 மார்ச் 1951

அன்புள்ள அத்தாவு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மா கொடுத்தனுப்பிய இடியாப்பத்தை நேற்றுதான் காலி செய்தோம். புத்தகத்தை டிராமில் படித்தேன், ஹார்பர் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் படித்தேன். நீ எழுதும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பிறகு அந்த இடம் வந்தது.

அன்று நடந்தது என்ன? கரி சுமப்பவர்களில் எங்கள் சாதி ஆட்களுக்கு மட்டும் தனிப் பானை வைத்திருந்தார்கள். நைனா கூடையைக் கீழே வைத்தார். “கரி எல்லார் மேலயும் ஒரே கறுப்பாத்தான் கீது. தண்ணிக்கு மட்டும் இன்னாய்யா வேற பானை?” என்றார். அவ்வளவு பேரும் கூடையை வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் தனிப் பானை போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

உன் நாவலில் சின்னப்பையன் தாகத்தில் மயங்கி விழுகிறான். இரக்கமுள்ள ஒரு துரை அவன் கையில் தண்ணீர் வார்க்கிறார். துரையின் காலைத் தொட்டு அழுகிறான். முன்னூறு பக்கத்தில் அவனுக்கு வாயே இல்லை! கேட்டு வாங்கியதைப் பிச்சை போட்டதாக எழுதிவிட்டாயே, பாவி.

இதில் இன்னொரு பேஜாரு. எங்கள் பௌத்த சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் புத்தகம் படிக்க மற்றவர்கள் கேட்போம், உனக்குத் தெரியும். உன் புத்தகத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே படிக்க வேண்டுமாம். நைனா இப்போதே சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டார். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

வரதன்


லண்டன்
2 ஏப்ரல் 1951

வரதா,

உன் கடிதத்துக்குப் பிறகு தூக்கமில்லை. நான் முதலில் நைனாவைப் பேச வைத்துத்தான் எழுதினேன், அல்லா அறிய. பதிப்பாளர்தான், “கூலியாள் இப்படிப் பேசினால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள், அழ வையுங்கள்” என்றார். அழவைத்தேன். அழுதுகொண்டே வாங்குகிறார்கள். ஒருவராவது நம்மவர்களுக்காக இரங்கினால் அது லாபமில்லையா?

நீ ஒன்று செய். சங்கத்தில் படிக்கும்போது அந்த இடத்தில் நைனா பேசியதைச் சேர்த்துச் சொல்லிவிடு. ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவா போகிறது? மதிப்புரையிலும் கொஞ்சம் அடக்கி வாசி. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அத்தாவு


வியாசர்பாடி
23 ஏப்ரல் 1951

அத்தாவு,

நீ சொன்னபடியே செய்தேன். நைனா மனம் நோகக்கூடாது என்றுதான். அந்த இடம் வந்ததும் அவர் பேச்சை அப்படியே சொன்னேன். கூட்டம் கைதட்டியது. நைனா மட்டும் கையைத் தூக்கினார். எங்கள் வழக்கப்படி கை தூக்கினால் படிப்பு நிற்க வேண்டும்.

“இம்மா நேரம் புக்கப் பாத்துகினே சொன்னே. இத சொல்லும்போது உன் கண்ணு புக்குல இல்ல, எம்மேல கீது. அதுல இன்னா கீதோ அத படிடா” என்றார்.

படித்தேன். துரை, தண்ணீர், கால், அழுகை எல்லாம். எனக்கு உன்மேலும் என்மேலும் ஆத்திரம் பொங்கியது. நைனா கத்தவில்லை. “அத்தாவு நம்ம வூட்டுப் புள்ள. நான் கேட்டத ஏன் எழுதலன்னு அவனையே கேளு” என்றார். எழுதியவரிடமிருந்து பதில் வரும்வரை சங்கத்தில் அடுத்த புத்தகம் எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவானது. அதனால் எல்லோரும் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். என்னிடம் சொன்ன காரணத்தை அவரிடமே சொல்.

மதிப்புரையை அனுப்பிவிட்டேன். அடக்கி வாசிக்கவில்லை. நியாயத்துக்காக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, நியாயம் கேட்டவனின் வாயை அடைக்கும் நாவல் என்று எழுதியிருக்கிறேன்.

வரதன்


வியாசர்பாடி
17 செப்டம்பர் 1951

அன்புள்ள அத்தாவு,

நடுவில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அஜீசாவுக்கு மட்டும் தவறாமல் எழுதுகிறாயாம். காட்டினாள், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மதிப்புரையில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறமாட்டேன். அதற்காக என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நேற்று சங்கத்துக்கு டீச்சர் கன்னியம்மா புதுப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். எத்தனை காலம் சும்மா உட்கார்ந்து எழுந்து போவது என்று கேட்டார். நியாயம்தானே. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “எட்த்துக் குடு, படிக்கட்டும். பெரிய ஊருக்குப் போய்ட்டான், எனக்கா பதில் சொல்லப் போறான்?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கை தூக்கினேன். “அவன் அப்படிப்பட்டவன் இல்ல, நைனா. எழுதுவான். இன்னும் ஒரு வாரம் பொறுங்க” என்று கெஞ்சினேன். கூட்டமே சிரித்தது. “அவன் புக்க அந்தக் கிழி கிழிச்சதே நீதானேய்யா!” என்றார்கள். நைனா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்த வாரமும் இதையே சொல்ல எனக்கு முகமில்லை. எனக்கு நீ எழுதவே வேண்டாம். அவருக்கு எழுது. தமிழில் எழுது, அவரே படித்துக்கொள்வார்.

வரதன்