கார்ப்பரலின் வீட்டுக்காரன்

ஜனவரி 6

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், துணி தேய்க்கும் மேசை முழுக்க என் மனைவியின் புத்தகங்கள். விமானப்படையில் என்ஜின் பார்க்கிற கார்ப்பரல். வீட்டில் என் மேசையைப் பறிமுதல் செய்கிற அதிகாரி.

"மடிச்சு வெச்ச சட்டையெல்லாம் எங்கம்மா?" என்றேன்.

"கட்டில்ல தூங்குது. எழுப்பாதீங்க," என்றாள், தலை நிமிராமல். நகத்துக்கு அடியில் இன்னும் எண்ணெய்க் கறுப்பு. சார்ஜண்ட் தேர்வு அடுத்த வாரம். அவளைவிட நான்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 14

பாஸ்! அவள் பிரிவிலேயே முதல். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், ஒற்றைப் பொத்தான் தைக்க வந்தவர் உட்பட. "தம்பட்டம் அடிக்காதீங்க, இன்னும் நேர்காணல் இருக்கு," என்று திட்டு விழுந்தது.

எனக்கும் தெரியும். கார்ப்பரலாகவே இருப்பவர்களை ஒரு காலத்துக்கு மேல் படையில் வைத்துக்கொள்வதில்லை. அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. சார்ஜண்ட் ஆனால் சம்பளம் ஏறும், முகாமுக்குள்ளேயே வீடு, பின்னால் ஓய்வூதியம். ஆகாவிட்டால் இந்தக் கோடையில் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். சம்பளம் போனால்கூட என் தையல் மிஷினை வைத்து எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆனால் தலைக்கு மேல் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அது எந்த என்ஜின் என்று சொல்கிறவளை வீட்டில் உட்கார வைத்து நான் என்ன செய்வது?

ஜனவரி 21

தலையில் இடி.

அவர்களுடைய கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாப் பள்ளமும் நிரம்பியிருந்தால்தான் விமானம் கிளம்பலாம். இன்று சாயங்காலம் பெட்டியைச் சரிபார்த்தவள் இவள். எல்லாம் நிரம்பித்தான் இருந்ததாம். ஆனால் விரல் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றில் பொறித்திருந்தது, இப்போது உபயோகத்தில் இல்லாத வேறு பெட்டியின் எண். யாரோ தொலைத்துவிட்டு, வேறொன்றைச் செருகிவைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இவள் என்ன செய்தாள்? அந்தப் பெட்டி போன விமானங்கள் அத்தனையையும் நிறுத்திவிட்டாள். அதுவும் மேலதிகாரிகள் பார்வையிட வந்திருந்த நாளில்! விமானங்களின் மூடு பலகைகளைக் கழற்றித் தேடியும் தொலைந்த சாமான் கிடைக்கவில்லை.

"வாரக் கடைசியில நேர்காணல். பள்ளம் நிரம்பித்தானே இருந்துச்சு? பாக்காத மாதிரி விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"அது மேல போய் எதுலயாவது சிக்கினா? ஓட்டுறவன் வீட்லயும் ஆள் இருக்குங்க."

சொன்னது நியாயம்தான். கோபம் மட்டும் போகவில்லை.

ஜனவரி 22

முகாமில் இன்னும் தேடுகிறார்கள். கூட வேலை செய்பவர்கள் அவள் காதுபடவே முணுமுணுக்கிறார்களாம்.

ஜனவரி 23

என்ன நாள் இது! ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நெட்டையன் அவள் குழுவில் இருப்பவன். என் கடைக்குள் குனிந்துதான் நுழைவான். முந்தாநாள் சாயங்காலம் தன் குளிர் ஜாக்கெட்டைத் தைக்கப் போட்டுவிட்டுப் போயிருந்தான். இன்றுதான் கையில் எடுத்தேன். பையில் ஓட்டை. உள்துணியைப் பிரித்தால் கீழ் மடிப்பில் ஏதோ தட்டுப்பட்டது. விரல் நீள ஸ்க்ரூடிரைவர்.

அடக் கடவுளே! அப்படியானால் விமானத்தில் ஒன்றுமே இல்லை. வீணாக நிறுத்தினாள் என்று ஆகிவிடுமே, அதுவும் நேர்காணலுக்கு முந்தின நாள்! நாளை முடிகிற வரை இது என் இழுப்பறையில் கிடந்தால்தான் என்ன? போட்டேன். மூடினேன். மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு தையல்கூட ஓடவில்லை. அந்தக் குளிரில் ஆட்கள் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள் — அவளும்தானே?

கடையைச் சாத்திவிட்டு, ஜாக்கெட்டையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்கு ஓடினேன். வெளியே வந்தவள் ஸ்க்ரூடிரைவரில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "விமானத்துல இல்ல! விமானத்துல இல்லங்க!" அவ்வளவு சந்தோஷம். நாளை நேர்காணல் இருப்பதே அவளுக்கு நினைவில் இல்லை.

பிறகு நெட்டையனைக் கூப்பிட்டாள். ஜாக்கெட்டைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "காணோம்னதும் பயத்துல வேற ஒண்ண எடுத்து வெச்சுட்டேன்க்கா," என்றான். அறைவாள் என்று நினைத்தேன். "நீயே அதிகாரிகிட்ட கொண்டு போய்க் குடு. நான் பக்கத்துல நிக்கிறேன்," என்றாள். நின்றாள்.

இவளிடமா முந்தாநாள் அப்படிக் கத்தினேன்?

ஜனவரி 24

நேர்காணலில் நான் பயந்ததையேதான் கேட்டிருக்கிறார்கள். "விமானத்துல ஒண்ணும் இல்லையே, எதுக்கு அத்தனையையும் நிறுத்தினீங்க?"

"இல்லன்னு அன்னிக்கு யாருக்கு சார் தெரியும்?" என்றாளாம்.

கேட்ட அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டாராம். என்ன எழுதினார் என்று கேட்டேன். "எட்டிப் பாக்க முடியுமாங்க?" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ!

பிப்ரவரி 3

பதவி உயர்வுப் பட்டியல் இன்னும் வரவில்லை. ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டேன்.

பிப்ரவரி 11

முகாமில் எத்தனையோ பேருக்குச் சட்டைக் கையில் பதவிப் பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. துடைக்கத் துடைக்க நிரம்பியது. இரண்டு கைகளிலும் மூன்றாவது பட்டையைத் தைத்து முடித்ததும், சார்ஜண்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் நின்றேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"இடது பக்கம் துளி சாஞ்சிருக்குங்க."

"அதை யார் பாக்கப் போறாங்க?" என்றேன்.

நான் வாயை மூடுவதற்குள் சட்டையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டாள். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.