மடித்து வைத்த சீட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற ஆள் இன்னும் எட்டு வாரம் அவசரப்படாமல் அங்கேயே இருக்க வேண்டும். உன் மாமியார் நலமா என்று கேட்கவில்லை, அவர் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்.

வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. மேல்தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. அப்பா மூன்று வாரமாக ஏணி போட்டு ஏறி எதையோ பூசுகிறார், இறங்கி வந்து இனி ஒரு சொட்டு விழாது என்கிறார், மறுநாள் காலையில் பார்த்தால் கூடத்துச் சுவரில் ஈரம் ஒரு சாண் கூடியிருக்கிறது. ஆய்வகத்துக்கு அடுத்த வருடம் ஓர் இயந்திரம் வரப்போகிறதாம், நாங்கள் நாள் முழுக்கப் பார்க்கிற ஸ்லைடுகளை அது ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுமாம். பார்க்கட்டும், அதையும் சரிபார்க்க இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு அங்கே வருவதற்காகப் பதினோரு நாள் விடுப்பு சேர்த்து வைத்திருக்கிறேன். உன் மாமியார் தையற்கடையை நான்கு மாதத்துக்கு மூடிவிட்டு, தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்து உன் வீட்டில் இறங்கியிருக்கிறார். பதினொன்று எங்கே, நான்கு மாதம் எங்கே. போன ஞாயிறு அவர் தொலைபேசியில் சொன்னதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில உங்க பொண்ணு வயித்துல கை வச்சேன் சம்பந்தி, விட்டுச்சு பாருங்க ஒரு உதை, கைய எடுத்துட்டேன் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினேன். வாரா வாரம் தையற்கடை நாடாவால் உன் வயிற்றை அளந்து குறித்து வைக்கிறாராமே. அளந்து குறிப்பது என் தொழில். அந்த அளவை எனக்கு ஒருமுறைகூட நீ அனுப்பவில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். முப்பத்தாறாவது வாரத்தில் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் லிஃப்ட் சோதனைச் சான்றிதழில் நீயே கையெழுத்துப் போடலாம், விட்டால் அடுத்த தேர்வுக்கு ஒரு வருடம் ஆகும், அதற்குள் உன்னோடு வேலைக்குச் சேர்ந்த அந்த நெட்டை உன்னை முந்திவிடுவான் என்று எழுதியிருந்தாய். அடுத்த வாரமே வேலையை நிறுத்து என்று மாமியார் சொல்கிறார், முப்பத்தெட்டு வாரம் வரை போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, கடைசி நாள் வரை வேலை பார்த்தவள் நீ, நீ சொல்லம்மா என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை, மகிழ்ச்சி. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நாடா அவர் கையில் இருக்கலாம், முடிவு என்னிடம்தானே வந்திருக்கிறது என்று ஒரு மிதப்பு. அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். கர்ப்பம் நோய் இல்லை, இப்போது உனக்குக் கொடுத்திருக்கிற மேசை வேலையை நிறுத்தச் சொல்ல ஒரு காரணமும் இல்லை, துணி வெட்டுகிறவர்களுக்கு இது புரியாது என்றெல்லாம் அதில் இருந்தது. பிழை இருக்கிறதா பாருங்கள் என்று அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஏணிக்குப் போகிற அவசரத்தில் நின்றபடியே படித்தார். பிழை ஒண்ணும் இல்ல, ஆனா இது சம்பந்திக்கு எழுதின பதில் மாதிரி இருக்கு, பொண்ணுக்கு எப்ப எழுதப்போற என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தொட்டி அடைக்கத் தெரியாத மனிதருக்கு இது மட்டும் தெரிகிறது.

அதைக் கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவது வேறு கடிதம். நீ சின்ன வயதிலிருந்து என் வாயால் ஒரு கதை கேட்டிருக்கிறாய். கடைசி நாள் சாயங்காலம் வரை ஸ்லைடு பார்த்தேன், மேசையைத் துடைத்தேன், கைப்பையை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்து போய் உன்னைப் பெற்றேன் என்று. அதில் மேசையைத் துடைத்ததுகூட உண்மை இல்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, படிப்பு முடித்து ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் விடுப்புக் காலத்தில் வேலை பார்க்க ஒரு பெண்ணை முன்கூட்டியே தற்காலிகமாக எடுத்தார்கள். சின்ன உருவம், வேகமான கை, எல்லோரும் சிட்டு என்று கூப்பிட்டோம். நான் ஒரு ஸ்லைடு பார்ப்பதற்குள் அவள் ஒன்றரை பார்ப்பாள். என் ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்தால் அதில் அவள் உட்காருவாள், திரும்பி வந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதனால் நான் எழுந்திருக்கவே இல்லை. கால் வீங்கி என் செருப்புக்குள் போகாதபோது அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில்தான் ஓய்வாக இருக்கிறேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். வயிறு மேசையில் முட்டி நுண்ணோக்கிக்குக் கண் எட்டாது, பக்கவாட்டில் உட்கார்ந்து கழுத்தை வளைத்துப் பார்ப்பேன்.

எங்கள் வேலைமுறை உனக்குத் தெரியும். சளி ஸ்லைடை ஒருவர் பார்த்து, காசநோய்க் கிருமி உண்டு அல்லது இல்லை என்று சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். இரண்டாவது ஆள் அந்தச் சீட்டைப் பிரிக்காமல் அதே ஸ்லைடைப் பார்த்துத் தன் சீட்டை எழுத வேண்டும். இரண்டையும் தலைமை ஆய்வாளர் பிரிப்பார். அன்றைக்கு மதியத்திலிருந்தே எனக்கு எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. லென்சில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், பார்த்தேன், மறுபடி துடைத்தேன். ஒரு ஸ்லைடுக்கு இல்லை என்று எழுதி மடித்தேன். சிட்டுவின் சீட்டில் உண்டு என்று இருந்தது. தலைமை ஆய்வாளர் தானே குனிந்து பார்த்துவிட்டு, கொட்டிக் கிடக்கேம்மா, இது எப்படி உன் கண்ணுக்குத் தப்பிச்சுது என்றார். நான் லென்சைக் குறை சொன்னேன். சிட்டு ஸ்லைடையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அக்கா, துடைச்சது போதும், கோளாறு லென்சுல இல்ல, எழுந்திரிங்க என்றாள். நான் முடியாது என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உண்மையிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு பேரில் யாரைக் காப்பாற்றுவது என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். அந்தச் சாயங்காலமே அறுத்து உன்னை எடுத்தார்கள், மூன்று வாரம் முன்னதாக. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். நீ அவசரக்காரி, அதனால்தான் சீக்கிரம் வந்தாய் என்று உன்னிடம் சொல்லி வந்தோமே, அவசரம் உன்னுடையது இல்லை.

அப்பா வெளியூரில் இருந்தார். எனக்கு மயக்கம் தெளிந்தும் பார்வை சரியாகவில்லை, மூன்றாம் நாள்தான் உன் முகம் எனக்குத் தெரிந்தது. உன்னை முதலில் பார்த்தவள் சிட்டு. மூக்கு உங்களோடது, நெத்தி சார் ஜாடை என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று எனக்குச் சொன்னாள், குருடிக்கு ஓவியத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி. அதை நான் மன்னிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவளை மன்னிக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய், எனக்கும் தெரியாது. திரும்பிப் போனபோது அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள், என் நாற்காலியைக் காலியாகவே வைத்துவிட்டு அவள் அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம், வேலையைத் தவிர ஒரு வார்த்தை நான் பேசவில்லை. இன்றைக்கு அவள் வேறோர் ஆய்வகத்துக்குத் தலைவி. கேள்விப்பட்ட அன்றும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், உன் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மூக்குக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் புகையாகவே இருக்கிறது, புதுக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று. முதல் தடவை படித்தபோது என் கண்ணில் அந்த வரி படவில்லை, மாமியார் என்கிற சொல்தான் பக்கம் முழுக்கத் தெரிந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். அப்பா ஏணியில் இருந்தபோது மூன்றாம் தடவை படித்தேன். அப்போதுதான் பட்டது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அதே தப்பை மறுபடி செய்திருக்கிறேன். உடனே உன் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன், நீ வேலையில் இருந்தாய், உன் மாமியார் எடுத்தார். வேறு வழியில்லாமல் அவரிடமே சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்க வைங்க சம்பந்தி, நான் இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன் என்றார். என் விரல்களை யாரோ எடுத்துவிடுகிற மாதிரி இருந்தது. மறுபடி அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார், இரத்த அழுத்தம் எல்லையில் நிற்கிறது, மற்றச் சோதனைகளில் ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வேலையைக் குறைக்கச் சொன்னார்கள், எப்போது முழுதாக நிறுத்துவது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள் என்று. நீ, அம்மா கடிதம் வரட்டும், அது வரைக்கும் போகிறேன் என்று சொல்லிவிட்டாயாம். உன் வீட்டில் எல்லாரும் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டே பேசுகிறீர்கள், இதை அப்படிச் சொல்ல என்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் சீட்டை இரண்டாவது ஆளிடம் காட்டக் கூடாது. நீ உன் மாமியாரின் சீட்டைப் பிரித்து என்னிடம் காட்டிவிட்டுக் கேட்டாய், அதனால்தான் என் பார்வை கெட்டது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் முதல் தடவையே சரியாகப் படித்திருப்பேன் என்று சொல்ல ஆசை, சத்தியம் செய்ய முடியாது. என் சீட்டு இது. நிறுத்து. அடுத்த வாரம் வரை காத்திராதே, கடிதம் வந்த அன்றே நிறுத்து. தேர்வு போகும், ஒரு வருடம் போகும், நெட்டை முந்துவான், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், போவது போவதுதான், எரியத்தான் செய்யும். நிறுத்துகிறேன் என்று சொன்னால் விடுப்புக் கொடுக்கிற அலுவலகம் உனக்கு இருக்கிறது, திரும்பிப் போனால் இடம் இருக்கும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு தாள் யாரும் கொடுக்கவில்லை. அதில்கூட உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அந்தத் தாளை வீணாக்காதே.

காலைத் தூக்கி வைத்துப் படு. மாத்திரையை நேரம் தவறாமல் போடு. பார்வை மங்கினாலோ, தலை வலித்தாலோ, மேல்வயிறு வலித்தாலோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குப் போ. உன் மாமியாரோடு போ. நாடா அளவுகளை முதல் வாரத்திலிருந்து எழுதி எனக்கு அனுப்பச் சொல், அவர் எழுத்திலேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. அப்பா சிட்டுவின் முகவரியை விசாரித்து வாங்கி மேசையில் வைத்திருக்கிறார், இன்னும் பேனாவை எடுக்கவில்லை, எடுப்பேன்.

நீயும் குழந்தையும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அந்த முகத்தை இரண்டாவதாக உன் மாமியார் பார்க்கட்டும், மூன்றாவதாக மாப்பிள்ளை பார்க்கட்டும், நான் எத்தனையாவது ஆளாக வந்தாலும் வரிசையில் நிற்கிறேன். முதலில் நீ பார்க்க வேண்டும், தெளிவான கண்ணோடு.

உன் அம்மா